கோட்டைக்குப் பக்கத்து நிலம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பங்கோரில் இளஞ்சிவப்பு வேன் டாக்சி எடுத்துத் தீவைச் சுற்றியிருந்தால் கோத்தா பெலாண்டா என்ற டச்சுக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். தெலுக் கெடுங் கிராமத்தில் கூரையில்லாமல் நிற்கும் செங்கல் சுவர்கள். வேன்காரர் பத்து நிமிடம் நிறுத்துவார். படம் எடுத்துக்கொண்டு கருவாடு வாங்கக் கிளம்பிவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான்.

ஆயர் தாவாரில் கட்டட வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தரும் சின்ன அலுவலகம் என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் அடுப்படியைப் பின்னால் இழுத்துக் கட்ட நினைப்பவர்கள், மீதி கோயில் கமிட்டிக்காரர்கள். 2020 ஜனவரியில் பங்கோர் வரியில்லாத் தீவானது. அதற்கப்புறம் வேறு மாதிரி ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். ஒருவர், செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்தவரின் மகன், தெலுக் கெடுங் பக்கம் ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, "நாலு மாடி போடலாமாண்ணே?" என்றார்.

"கோட்டை மறைஞ்சிடுமே, தம்பி."

"கோட்டையை யாரும் இடிக்கலையேண்ணே!"

அவர் சொன்னது சரிதான். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

பேராக்கின் ஈயத்தைத் தங்கள் கைக்குள் வைத்திருக்க டச்சுக்காரர்கள் 1670-இல் இந்த இடத்தைப் பிடித்தார்கள். 1690-இல் உள்ளூர் மக்கள் தாக்கியதும் விட்டு ஓடினார்கள். 1743-இல் திரும்பி வந்து, 1748-இல் ஒரேயடியாகக் கிளம்பினார்கள். 1973-இல் தேசிய அரும்பொருளகம் சுவர்களைச் சீரமைத்தது. மேற்கே பாசிர் போகாக், தெலுக் நிப்பா என்று நல்ல கடற்கரைகள் இருக்க, அவர்கள் தென்கிழக்குக் கரையில் போய் உட்கார்ந்தது டிண்டிங் நீரிணையில் போகும் படகுகளைக் கண்காணிக்கத்தான். கெடுங் என்றால் சரக்கு வைக்கும் இடம், நம் கிடங்குக்கு உறவான சொல். கடலை மறைத்துவிட்டால் கோட்டை வெறும் கெடுங்தான்.

கண்ணுக்குத் தெரியாத கேடும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத்தை விற்று வீடமைப்பு வந்தபோது மாரியம்மன் கோயிலை யாரும் தொடவில்லை. சுற்றியிருந்த நிலத்தில் மட்டும் மண்ணைக் கொட்டி மூன்றடி உயர்த்தினார்கள். அடுத்த மழைக்காலத்தில் சுற்றுப்புறத் தண்ணீரெல்லாம் கருவறைக்குள் வந்து நின்றது. அர்ச்சகர் முழங்காலளவு தண்ணீரில் தீபம் காட்டினார். பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவர்கள் தரை ஈரத்தை உறிஞ்சி வெயிலில் உலர்ந்து உயிர் வாழ்பவை. சுற்றிலும் மேடாக்கி, வெயிலையும் மறைத்துவிட்டால் உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், இன்னும் மோசம். தயவுசெய்து பூசாதீர்கள்.

சரி, தடுக்க என்ன வழி? நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976-இன் 21-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒருவர் திட்ட அனுமதி கேட்டால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நகராண்மைக் கழகம் கடிதம் அனுப்ப வேண்டும். ஒட்டிய நிலமும், 20 மீட்டருக்கு மேற்படாத அகலமுள்ள சாலைக்கு எதிரே இருக்கும் நிலமும் பக்கத்து நிலம்தான். ஆட்சேபிக்க 21 நாள் கிடைக்கும். உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே இருந்தால் அந்தக் கடிதமும் கட்டாயமில்லை. அந்தத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோதே போய்ப் பேசியிருக்க வேண்டும். எத்தனை பேர் போகிறோம்? இன்னொன்று, கடிதம் கிராண்ட்டில், அதாவது நிலப் பட்டாவில், பெயர் உள்ளவருக்குத்தான் போகும். கம்பெனி நிலத்தில் நிற்கும் தோட்டக் கோயிலுக்கு வராது.

தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இன்படி ஓர் இடத்தைத் தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் அமைச்சருக்கு முன்மொழியலாம். சும்மா ஒரு ரசிகர் கூட எழுதலாம்.

நாலு மாடித் தம்பிக்கு விலை படியவில்லை, நிலத்தை வாங்காமல் விட்டுவிட்டார். அதில் என் பேச்சுக்கு எந்தப் பங்கும் இல்லை.

போன மாதம் சொந்த கிராண்ட் உள்ள ஒரு கோயிலின் தலைவர் வந்தார். பக்கத்தில் கடைவரிசை வரப்போகிறதாம். மடித்த கடிதத்தை நீட்டி, "வந்து ரொம்ப நாளாச்சுய்யா, டிராயர்ல கிடந்துச்சு" என்றார். தேதியை எண்ணினேன். பதினெட்டு.

"மூணு நாள் இருக்கு தலைவரே, உட்காருங்க" என்று பேனாவை எடுத்தேன்.