சொல் விளக்கம்: குறைநிறை திசையிலி மீசான்

துகள் இயற்பியலைத் தமிழில் எழுத உட்காருகிறவர்களை 'லைட் ஸ்கேலார் மீசான்' என்ற துகள் வகைப் பெயர் கொஞ்சம் திணறடிக்கும். மூன்று சொல்லிலும் ஆளுக்கொரு சிக்கல் உண்டு. கடைசிச் சொல்லிலிருந்து வருவதுதான் வசதி.

'மெசோஸ்' என்றால் கிரேக்கத்தில் நடு. அணுக்கருவைக் கட்டிப்போடும் விசைக்கு ஒரு துகள் இருக்க வேண்டும், அதன் நிறை எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 200 மடங்கு இருக்கும் என்று 1935இல் ஜப்பானிய இயற்பியலாளர் ஹிடெகி யுகாவா எழுதினார். புரோட்டானின் நிறை எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு. ஆக, யுகாவாவின் துகள் இரண்டுக்கும் நடுவில் வருகிறது. காஸ்மிக் கதிர்களில் அப்படியொரு துகளைக் கண்ட அண்டர்சனும் நெடர்மேயரும் 'மெசோட்டான்' என்று பெயர் வைத்து நேச்சர் இதழுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியூர் போய்த் திரும்பிய அவர்களின் தலைவர் மில்லிகன், எலக்ட்ரானிலும் நியூட்ரானிலும் 'ர்' இருக்கிறதே, இதில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்க, அந்த ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொல்லித் தந்தி பறந்தது. அப்படி வந்தது 'மெசோட்ரான்'. அதைத் திருத்தியவர் ஹோமி பாபா. 'ட்ர்' என்பது எலக்ட்ரான், நியூட்ரான் என்ற சொற்களின் வேரிலேயே உள்ளது, 'மெசோ' என்ற வேரில் அது கிடையாது, ஆகவே 'மெசான்' போதும் என்று 1939இல் அதே நேச்சரில் எழுதினார். உலகம் ஏற்றுக்கொண்டது. நாம் மீசான் என்கிறோம்.

ஆனால் அவர்கள் கண்டது யுகாவாவின் துகளே அல்ல. அதை இன்று மியூவான் என்கிறோம்; அணுக்கரு வலுவிசை அதைத் தொடுவதில்லை என்பதால் மீசான் பட்டியலிலும் அது இல்லை. யுகாவா சொன்னது பையான். 1947இல் பிரிஸ்டலில் பவல் குழுவினர் ஒளிப்படத் தகடுகளில் அதன் தடத்தைக் கண்டார்கள். அப்புறம் 1974இல் வந்த ஜே/சை மீசான் புரோட்டானைப் போல மூன்று மடங்குக்கும் மேல் கனம். 'நடு' என்ற பொருள் அதோடு செத்துப்போனது.

இதனால்தான் 'இடைத்துகள்' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. மூலமொழியே கைவிட்ட பொருளைத் தமிழில் புதிதாகச் சுமப்பானேன்? 'மீசான்' தமிழ் நாவுக்குப் பொருந்துகிறது. மீசானின், மீசான்களை என்று வேற்றுமை உருபுகளும் இடறாமல் ஒட்டுகின்றன. அப்படியே இருக்கட்டும்.

'ஸ்கேலார்' வேறு கதை. லத்தீனில் 'ஸ்காலா' என்றால் ஏணி. திசை இல்லாமல் அளவு மட்டும் உடையது என்ற பொருளை 1840களில் ஹாமில்டன் இதற்குக் கொடுத்தார். இலங்கைப் பாடநூல் வழக்கு எண்ணிக்கணியம். தமிழ்நாட்டில் திசையிலி, ஸ்கேலர் இரண்டும் புழங்குகின்றன. மீசான் விஷயத்தில் திசையிலியே சரி, ஏனென்றால் இங்கே தற்சுழற்சி ('ஸ்பின்') பூச்சியம், துகளுக்கென்று ஒரு திசை கிடையாது. ஒரு எச்சரிக்கை: பையானுக்கும் தற்சுழற்சி பூச்சியம்தான். ஆனால் கண்ணாடிப் பிம்பமாக்கினால் அதன் குறி மாறும், திசையிலிக்கு மாறாது. எனவே பையான் 'போலித் திசையிலி'.

'லைட்' என்பதை ஒளி என்று பெயர்த்துவிடும் ஆபத்து உண்டு. 'குறைநிறை' என்றால் குழப்பமில்லை. நிறை ஏறத்தாழ 1000 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) கீழே உள்ளவை என்று பொருள்.

இந்தத் துகள்களைத் தேடும் வழி பையான்–பையான் சிதறல். 'சிதறல்' என்றதும் சிதறுதேங்காய் நினைவுக்கு வரும், ஆனால் இதில் எதுவும் உடைய வேண்டியதில்லை. இரண்டு பையான்கள் மோதி, இரண்டும் பையான்களாகவே திசை மாறிப் போகலாம். மின்னூட்டமுள்ள பையானின் ஆயுள் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு, சுமார் 26 நானோநொடி. அதை இலக்காக நிறுத்திவைத்து அடிக்க முடியாது. அதனால் புரோட்டான் மீது பையானை ஏவியும், கேயான் என்ற இன்னொரு மீசான் சிதைந்து வரும் பையான் இணைகளைப் பார்த்தும் மறைமுகமாகத்தான் அளக்கிறார்கள்.

அப்படி அளந்ததில் நிழலாடியது 'சிக்மா' மீசான். 1970களின் நடுவில் துகள் தரவுக் குழுவின் பட்டியலிலிருந்து அதை எடுத்தே விட்டார்கள். 1996இல்தான் திரும்ப வந்தது. காரணம், அளவீட்டு வரைபடத்தில் அதற்குத் தெளிவான முகடு இல்லை. பிறந்து அழிவதற்குள் ஒளியால்கூட ஒரு புரோட்டானைக் கடந்துவிட முடியாது, அவ்வளவு குறைந்த ஆயுள். மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தின் எஸ்.எம். ராய் பையான்–பையான் சிதறலுக்கு 1971இல் தந்த சமன்பாடுகள்தான் கடைசியில் கைகொடுத்தன. அவற்றைக் கொண்டு 2006இல் கப்ரினி, கொலாஞ்செலோ, லாய்ட்வைலர் மூவரும் சிக்மாவின் நிறையை 441 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றும், அகலத்தை, அதாவது அந்த நிறை எவ்வளவு பரவித் தெரிகிறது என்பதை, 544 என்றும் கணக்கிட்டார்கள். நிறையைவிட அகலம் பெரிது! இன்று அதன் முறைப்பெயர் எஃப்0(500); அடைப்புக்குறிக்குள் இருப்பது தோராயமான நிறை.

சிக்மாவும் சேர்ந்த குறைநிறை திசையிலி மீசான் குடும்பத்தின் நிறை வரிசையும் தலைகீழ். சாதாரண மீசானில் குவார்க் என்ற அடிப்படைத் துகள் ஒன்றும் ஒரு எதிர்க்குவார்க்கும் இருக்கும். கனமான ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கூடக்கூட நிறையும் கூடும். அந்தக் கணக்குப்படி ஏ0(980) மீசானில் ஸ்ட்ரேஞ்ச் இல்லை, அது ஒரு ஸ்ட்ரேஞ்ச் உள்ள கப்பா மீசானைவிட இலேசாக இருக்க வேண்டும். ஆனால் சிக்மா 500, கப்பா 700, ஏ0வும் இன்னொரு எஃப்0வும் 980 என்று போகிறது வரிசை. இரண்டு குவார்க், இரண்டு எதிர்க்குவார்க் என்று நான்காக வைத்துப் பார்த்தால் வரிசை பொருந்துகிறது என்று 1977இல் இயற்பியலாளர் ஜாஃபே காட்டினார். 980 என்பது இரண்டு கேயான்களின் கூட்டு நிறைக்கு மிக அருகில் இருப்பதால், அவை தளர்வாகப் பிணைந்த கேயான் இணைகள் என்று வாதிடுவோரும் உண்டு.

ஆகவே அகராதியில் மீசானுக்கு 'குவார்க்–எதிர்க்குவார்க் இணை' என்று மட்டும் பொருள் எழுதுவது போதாது. 'அணுக்கரு வலுவிசைக்கு உட்பட்ட, முழுஎண் தற்சுழற்சி உடைய துகள்' என்று எழுதினால் சிக்மாவும் அதற்குள் அடங்கும்.