கவுச்சி வேறு, ஊசல் வேறு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வியாசர்பாடியிலிருந்து ஒரு குடும்பமே ஆட்டோவில் வந்து என் கிளினிக் வாசலில் இறங்கியது. ஐந்து பேருக்கும் வாந்தி. சின்னப் பையனுக்குக் கண் குழி விழுந்திருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் "கறிக்குழம்புதான் டாக்டர்" என்கிறார்கள். என்ன கறி? யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது பாட்டிதான் சொன்னார்: "மருமவளோட தம்பி ஊர்லேர்ந்து காட்டுப்பன்னி எடுத்தாந்தாம்ப்பா."

முந்தின நாள் அறுத்த கறி. பிளாஸ்டிக் பையில் கட்டி, ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து, காலையில் அடுப்பேறியிருக்கிறது. வாடை தெரியவில்லையா என்று கேட்டேன். "காட்டுக் கறின்னா கவுச்சி அடிக்கத்தானே செய்யும்?" என்றார் மருமகள். இந்த வருஷம் இதே பதிலை நான்காவது தடவையாகக் கேட்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் மொழியில் இந்த வாடைகளுக்குத் தனித்தனிச் சொல் இருக்கிறது. பச்சை மீனுக்கும் கறிக்கும் கவுச்சி. காயடிக்காத கிடாவின் கொழுப்பில் வருவது மொச்சை. கெட்டுப்போனது ஊசல். காட்டு விலங்கு ஓடித் திரிவது, கண்ட தழையையும் கிழங்கையும் தின்பது. அதன் கறி கறுத்து, கொழுப்புக் குறைந்து, வாடை தூக்கலாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் இதை 'கேமி' என்பார்கள். அந்த வாடை அறுத்த அன்றைக்கே இருக்கும். நேரம் போகப்போக ஏறுகிற வாடை கவுச்சி இல்லை. புளிப்பு, அழுகின முட்டை வாடை, கையில் வழுவழுவென்று ஒட்டும் பிசின், பச்சை படர்ந்த நிறம், இதெல்லாம் ஊசல்.

"மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவினோம், எலுமிச்சம்பழம் பிழிந்தோம், குக்கரில் எட்டு விசில் விட்டோம், கிருமி சாகாதா?" சாகும். ஆனால் கிருமி செத்தாலும் அது ஏற்கெனவே கறியில் விட்டுப்போன நஞ்சு சாகாது. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி என்றால் நாங்கள் முதலில் அதைத்தான் நினைப்போம். எலுமிச்சையும் மசாலாவும் மூக்கைத்தான் ஏமாற்றும், வயிற்றை ஏமாற்றாது. அந்த நஞ்சுக்கு வாடையும் கிடையாது. அதனால் கறியை மோந்து பார்த்தால் மட்டும் போதாது, எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்று கேளுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த கறியைக் கொட்டத்தான் வேண்டும்.

காட்டுப்பன்றித் தசையில் டிரைக்கினெல்லா என்ற புழு இருக்கலாம், அரைவேக்காட்டில் அது சாகாது. ஆட்டுத்தொட்டியில், அதாவது மாநகராட்சி அறுப்புக்கூடத்தில், அறுக்கிற ஆட்டைக் கால்நடை மருத்துவர் அறுக்கும் முன்னும் பின்னும் பார்த்து முத்திரை வைக்கிறார். காட்டுக் கறியை யார் பார்த்தார்கள்? காட்டுப்பன்றி, மான், முயல், கொக்கு எதுவானாலும் வேட்டையாடுவதும் அந்தக் கறியை வைத்திருப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சொந்தக்காரர் ஆசையாகக் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மனசு வருத்தப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நான் போலீஸ் இல்லை. என்ன கறி, எப்போது அறுத்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று சொன்னால் பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும். வாந்தி ஆரம்பித்ததும் ஓஆர்எஸ் (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டை, அதில் போட்டிருக்கிற அளவு காய்ச்சி ஆறின தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்தாலோ, துவண்டு படுத்தாலோ, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பையனுக்கு இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றியதும் முகம் தெளிந்தது. கிளம்பும்போது மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மீதி ஃபிரிட்ஜில இருக்கு டாக்டர், நல்லா சூடு பண்ணிட்டா ஆகாதா?"

ஆகாதும்மா. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கொட்டுங்கள்.