பட்டினியில் மூளைக்கு யார் சோறு போடுவது?

"நாற்பது நாள் பட்டினியோடு காட்டில் நடந்து வீடு சேர்ந்தாராமே, இது நடக்கிற காரியமா?" மேரி டிரேப்பர் இங்கிள்ஸைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நடந்ததுதான்.

1755 ஜூலையில், அமெரிக்காவில் வர்ஜீனியாவின் எல்லைக் குடியேற்றமான டிரேப்பர்ஸ் மெடோவை ஷானீ பழங்குடி வீரர்கள் தாக்கி, 23 வயது மேரியைப் பிள்ளைகளோடு பிடித்துப் போனார்கள். பிக் போன் லிக் என்ற இடத்தில் ஊற்று நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் வேலை. அங்கிருந்து வயதான பெண் ஒருவருடன் தப்பினார். அவருக்கு வழி என்றால் ஆறுதான்: ஒஹையோ, கனாவா, நியூ ரிவர் என்று நீரோட்டத்துக்கு எதிராகப் போனால் வீடு வரும். ஆழமான கிளையாறு குறுக்கிட்டால், கடக்கத் தோதான இடம் தேடி அதன் கரையோடு சுற்றிவர வேண்டும். 800 கிலோமீட்டருக்கு மேல் நடை. காட்டு வாதுமையும் கிழங்கும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. பசி முற்றி, கூட வந்தவரே மேரியைக் கொல்லப் பாய்ந்தார்.

சரி, உடல் எப்படித் தாங்கியது? கல்லீரல் சேமித்த கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு ஒரு நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் கொழுப்பு. தசைகள் கொழுப்பு அமிலத்தை எரித்துக்கொள்ளும். சிக்கல் மூளைக்குத்தான். ரத்தத்தில் அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு வரும் கொழுப்பு அமிலத்தால் மூளைக்குத் தீனி போட முடியாது. மூளையோ தினமும் 100 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் கேட்கும். அதற்காக உடல் தசைப் புரதத்தைக் கரைக்கத் தொடங்குகிறது, முதல் நாட்களில் தினமும் சுமார் 75 கிராம் வீதம்; கல்லீரல் அதைக் குளுக்கோஸாக மாற்றுகிறது. இப்படியே போனால் நடக்கக் கால் மிஞ்சாது.

இங்கேதான் கல்லீரல் செய்வதைப் பார்க்க வேண்டும். நீண்ட கொழுப்புச் சங்கிலிகளை நறுக்கி, நீரில் கரையும் சின்னச் சின்ன கீட்டோன் மூலக்கூறுகளாக்கி ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அவை தாண்டிவிடும். கல்லீரலால் இந்தக் கீட்டோனை எரிக்கவே முடியாது. அதற்கான நொதி அதனிடம் இல்லை. சமைப்பது முழுக்க மற்றவர்களுக்குத்தான்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதை 1967-இல் காட்டியவர்கள் பாஸ்டனின் ஆலிவர் ஓவன், ஜார்ஜ் காஹில் குழுவினர். உடல் பருத்த மூன்று பேர் மருத்துவக் கண்காணிப்பில் ஐந்தாறு வாரம் பட்டினி இருந்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தத்தையும், கழுத்துச் சிரைக்குள் மெல்லிய குழாய் விட்டு எடுத்த, மூளையிலிருந்து திரும்பும் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மூளையின் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கீட்டோன்! புரத இழப்பும் நாளுக்கு 20 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இதைக் கேட்டுவிட்டு, விரதம் இருந்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும், இன்சுலினை நிறுத்து என்று சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள். இன்சுலின் இல்லாத உடலில் இதே கீட்டோன் கட்டுமீறி ஏறி ரத்தத்தை அமிலமாக்கும். உயிருக்கே ஆபத்து.

மேரிக்குப் போகும்போது பார்த்த ஆற்று முகத்துவாரங்கள் திரும்பும்போதும் நினைவில் இருந்தன. நடக்கக் காலும் மிஞ்சியிருந்தது. கடைசியில் ஒரு சோளக் கொல்லை வந்தது. குரல் கொடுத்தார். ஆடம் ஹார்மன் என்ற பழைய அண்டை வீட்டுக்காரர் அந்தக் குரலை அடையாளம் கண்டு ஓடி வந்தார்.