காசம்: ஒரு நோயின் பெயரும் அதை மறைக்கும் புகையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் காசநோய்க்குப் பல பெயர்கள். அரசாங்க கிளினிக்கில் ‘டீபி’. மலாய்க்காரர்கள் பேச்சில் ‘பத்தோக் கெரிங்’. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய பெரியவர்களைக் கேட்டால் ‘காசம்’ என்பார்கள், இன்னும் மூத்தவர்கள் ‘எலும்புருக்கி’ என்பார்கள். நோய் ஒன்றுதான். ஆனால் எந்தப் பெயரைக் காதில் வாங்குகிறோமோ அதற்கேற்ற மாதிரிதான் நோயையும் புரிந்துகொள்கிறோம்.

காசம் வடமொழியிலிருந்து வந்த சொல். ‘காஸ’ என்றால் இருமல். ஆயுர்வேதத்தில் காஸம் என்பது இருமல் நோய். உடம்பு உருகித் தேய்கிற நோய்க்கு க்ஷயம், ராஜயக்ஷ்மா என்று தனிப் பெயர்கள் உண்டு. தக்கன் சாபத்தால் சந்திரன் தேய்ந்த கதையில் வருவது அந்த க்ஷயம்தான். தமிழில் அது சயம், கயம், சயரோகம் என்றெல்லாம் ஆனது. நாளடைவில் சயரோகம் வழக்கிலிருந்து பின்வாங்க, இருமலின் பெயரே முழு நோய்க்கும் நிலைத்துவிட்டது. (கண்ணில் வரும் காசம் வேறு. அது கண்ணாடியைக் குறிக்கும் ‘காச’ என்ற சொல்லிலிருந்து வந்தது.)

எலும்புருக்கி நல்ல தமிழ். ஆள் எலும்பும் தோலுமாகப் போவதைப் பார்த்து வைத்த பெயர். ஆங்கிலத்தில் முன்பு ‘கன்சம்ப்ஷன்’ என்றதும் இதே பார்வைதான். இப்போதைய ‘டியூபர்குலோசிஸ்’ லத்தீனில் சிறு கட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் உருவானது. நுரையீரலை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் கண்டது அந்தக் கட்டிகளைத்தான். நோய்க்குக் காரணமான கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். உலகக் காசநோய் நாள் அந்தத் தேதியில் வருவது அதனால்தான்.

மலாய்ப் பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்தோக் கெரிங் என்றால் வறட்டு இருமல். ஆனால் நுரையீரல் காசத்தில் பலருக்குச் சளி வரும், சிலருக்கு அதில் ரத்தமும் தெரியும். கோழை கோழையாகத் துப்புகிறவர் ‘நமக்கு வறட்டு இருமல் இல்லையே’ என்று நினைத்துக்கொள்ள அந்தப் பெயரே இடம் கொடுக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் வீட்டிலேயே இருக்கிறது. அதற்கு ‘சிகரெட் இருமல்’ என்று பெயர். விடிகாலையில் எழுந்து, வாசல் படியில் குந்தி, தேத்தண்ணி வருவதற்குள் ஒன்றைப் பற்ற வைத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் இருமி, சாக்கடையில் துப்பிவிட்டு வேலைக்குக் கிளம்புகிற ஒரு பெரியப்பாவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். “என்ன பெரியப்பா, இப்படி இருமுறீங்க?” என்றால், “அது சிகரெட் இருமல்லா, ஒண்ணும் இல்ல” என்பார். பெயர் வைத்தாகிவிட்டது, காரணமும் தெரிந்துவிட்டது, அப்புறம் கிளினிக்குக்கு எதற்கு? காசம் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது. புகைக்காதவருக்கு இரண்டு வாரம் இருமல் நீடித்தால் வீட்டில் பயந்துபோய் அழைத்துப் போவார்கள். புகைக்கிறவர் மாதக்கணக்கில் இருமினாலும் கேட்பார் இல்லை. அதற்குள் நோய் முற்றுகிறது, அதே வீட்டுக் காற்றைச் சுவாசிக்கிற பேரப்பிள்ளைகளுக்கும் தொற்றுகிறது.

புகை நோயை மறைப்பதோடு நிற்பதில்லை, வளர்க்கவும் செய்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. புகை அவற்றை முடக்குகிறது. நுரையீரலின் காற்றறைகளில் கிருமியை விழுங்கக் காத்திருக்கும் வெள்ளணுக்களும் புகையால் வலுவிழக்கின்றன. புகைப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. குணமான பிறகு நோய் திரும்புவதும் புகைப்பவர்களிடம் கூடுதல். சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை விசாரித்த ஓர் ஆய்வு 2003இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. காசநோயால் இறக்கும் ஆபத்து புகைத்தவர்களுக்கு நான்கு மடங்குக்கும் மேல் என்று அது கண்டது. அவர்கள் நம் தாத்தா பாட்டி கப்பலேறிய மண்ணின் ஆட்கள். படித்த நாளிலிருந்து அந்த எண் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

இனி புகை பக்கத்துச் சொற்கள். ‘சுருட்டு’ சுத்தமான தமிழ். ஆங்கிலத்தின் ‘செரூட்’ நம்மிடமிருந்து போனதுதான். ‘பீடி’ வெற்றிலைச் சுருளைக் குறித்த ‘வீடிகா’ என்ற வடசொல்லின் வழி வந்தது. சிகரெட்டுக்கு ‘வெண்சுருட்டு’ என்று எழுத்தில் உண்டு, பேச்சில் யாரும் சொல்வதில்லை. தோட்டத்தில் ‘ரோக்கோ’ என்ற மலாய்ச் சொல்லும் புழங்குகிறது. நீப்பா என்ற பனைவகையின் ஓலையில் புகையிலையைச் சுருட்டினால் ‘ரோக்கோ டாவுன்’.

இத்தனை பெயர்கள் இருப்பதால் கிளினிக்கில் ஒரு குழப்பம் வருகிறது. “சிகரெட் பிடிப்பீங்களா?” என்று கேட்டால், ஓலைச் சுருட்டு பிடிக்கிறவர் மனதறிய ‘இல்லை’ என்பார். “குடிப்பீங்களா?” என்று கேட்டால் இன்னும் மோசம். நம் பேச்சில் பீடியும் குடிப்பதுதான், தண்ணியும் குடிப்பதுதான். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எதைக் கேட்கிறார்கள் என்று புரியாமல் மனிதர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார். இளைஞர்களோ “நான் புகைக்கிறதில்ல, வேப் மட்டும்தான்” என்கிறார்கள். வேப் என்றால் மின்சிகரெட். மலேசியச் சட்டம் அந்தக் கோட்டை எப்போதோ அழித்துவிட்டது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் வேப்பையும் சேர்த்தே பேசுகிறது.

காசத்துக்கு மருந்து வழக்கமாகக் குறைந்தது ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் இரண்டு. வீட்டில் இருந்தபடியே குணமாகலாம் என்பதையும் உலகத்துக்குக் காட்டியது சென்னைதான். 1956இல் அங்கே தொடங்கிய சிகிச்சை மையத்தின் ஆய்வு அதை நிரூபித்தது. இல்லையென்றால் நம் ஆட்கள் இன்றும் சானட்டோரியம் என்ற காசநோய் மருத்துவமனையைத் தேடிப் போய்க் கிடக்க வேண்டியிருக்கும். ஆனால் வீட்டில் இருந்தால் பழைய பழக்கமும் கூடவே இருக்கிறது. காலையில் தாதி கண்முன் மாத்திரையை விழுங்கிவிட்டு, வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி பற்ற வைக்கிறவரைத் திட்டிப் பயனில்லை. நிகோடின் பிடி அப்படி. அவருக்குத் தேவை உதவி. சுகாதார கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவுகள் இருக்கின்றன. காச மருந்து வாங்கும்போதே அதையும் கேட்கலாம்.

அந்த உதவிக்குத் தமிழில் என்ன பெயர்? ‘புகைவிடுதல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரிவராது, வாயிலிருந்து புகையை ஊதுவதும் புகை விடுதல்தான். ‘புகைநிறுத்தம்’ தெளிவாக இருக்கிறது. “சிகரெட்ட நிறுத்திட்டேன்” என்று சனங்கள் ஏற்கெனவே பேசுகிறார்கள், அதனால் ஒட்டிக்கொள்ளும். நோய்க்குக் ‘காசநோய்’ போதும். நோய் கண்டவரை ‘டீபிக்காரன்’ என்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். அந்தப் பேருக்குப் பயந்தே பலர் ‘சிகரெட் இருமல்’ என்ற பேருக்குள் பதுங்குகிறார்கள். தட்டிலோ குவளையிலோ ஒட்டுகிற நோய் இல்லை இது. காற்றில் பரவுவது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே தொற்று வெகுவாகக் குறைந்துவிடும்.

கிளினிக்கில் தமிழ் பேசும் தாதியர், அழைத்துப் போகும் பிள்ளைகள் எல்லோரிடமும் நான் கேட்பது இதுதான். கேள்வியை இப்படிக் கேளுங்கள்: “ஐயா, சிகரெட், பீடி, சுருட்டு, ரோக்கோ டாவுன், வேப், இதுல ஏதாவது பழக்கம் உண்டா? இருமல் தொடங்கி எத்தனை வாரம் ஆச்சு?”