மழை பெய்தால் மட்டும் வீடியோ திக்குவது ஏன்?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “கார் பந்தய கேம் விளையாடும்போது எல்லாம் சீராகத்தான் ஓடுகிறது. ரெக்கார்ட் செய்ததைப் போட்டுப் பார்த்தால் மழை வரும் இடங்களில் மட்டும் திக்கித் திக்கி நகர்கிறது. ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?”

வேண்டாம். மழை என்று சொன்னாரே, விடை அதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. 1080பி திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு 3 பைட் வீதம் ஒரு ஃபிரேம், அதாவது வீடியோவின் ஒரு படம், 6.2 மெகாபைட். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 373 மெகாபைட். இதை அப்படியே எழுதினால் வழக்கமான ஹார்ட் டிஸ்க் எதுவும் திணறும். சுருக்கிய பிறகு நொடிக்கு ஐந்தாறு மெகாபைட்தான், பழைய டிஸ்க்கே அதைத் தாங்கும். ஆகவே சிக்கல் சுருக்கும் வேலையில். ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. சுருக்கும் வேலையைச் செய்யும் என்கோடர் தொடர்ந்து பிந்தினால் வரிசை நீளும், அப்புறம் ஃபிரேம்கள் கைவிடப்படும். நாம் பார்க்கும் திக்கல் அதுதான்.

அந்த 16.7 மில்லிநொடியில் என்னதான் நடக்கிறது? 2003-இல் வந்த எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறை, ஃபிரேமை 16×16 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. 1080பி-யில் 8,160 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே கேள்வி: இது போன ஃபிரேமில் எங்கே இருந்தது? சாலையோரம் ஒரு அம்புக்குறிப் பலகை. கார் நகர்ந்ததில் அது 7 பிக்சல் வலப்பக்கமும் 2 பிக்சல் கீழேயும் போய்விட்டது. என்கோடர் பலகையை மறுபடி வரைவதில்லை. “பழைய இடத்திலிருந்து எடு, 7 வலம், 2 கீழே” என்று குறித்துவிட்டு, மிஞ்சும் சிறு வித்தியாசத்தை மட்டும் சேமிக்கிறது.

அந்த 7-ஐயும் 2-ஐயும் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. நாலாபுறமும் 16 பிக்சல் வரை தேடினால் ஒரு கட்டத்துக்கு 1,089 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 கழித்தல்கள். கூட்டிப் பார்த்தால் ஃபிரேமுக்கு 227 கோடி, நொடிக்கு 13,600 கோடிக்கும் மேல். இப்படி மூச்சுமுட்டத் தேடாமல் இருக்க ஓர் அழகான வழி இருக்கிறது. பக்கத்துக் கட்டங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தன என்று பார்த்து, அங்கிருந்தே தேடலைத் தொடங்குவது. சுற்றிலும் அறுகோணமாக ஆறு இடங்களைச் சோதித்து, எது நன்றாகப் பொருந்துகிறதோ அதை நடுவாக வைத்து மறுபடி ஆறு. நடுவை விடச் சிறந்தது இல்லையென்றால் நிறுத்திவிடலாம். பிறகு அரை பிக்சல், கால் பிக்சல் வரை நுணுக்கிப் பார்க்கும். பலகையும் அதன் பின்னால் இருக்கும் சுவரும் சேர்ந்தே நகர்வதால் இருபது, முப்பது சோதனையிலேயே வேலை முடிந்துவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத உத்தி இது.

மழை இந்த உத்தியைக் குலைத்துவிடுகிறது. போன ஃபிரேமில் இருந்த துளிக்கோடு இந்த ஃபிரேமில் இல்லை. பக்கத்துக் கட்டத்தைக் கேட்டும் பயனில்லை. கட்டத்தை 8×8, 4×4 என்று உடைத்துத் தேடியும் மிச்சம் மலைபோல் நிற்கும். மழையை வரைவது கிராபிக்ஸ் கார்டுக்கு எளிது, அதனால் விளையாட்டு சீராக ஓடியது. சுருக்குவதுதான் பிராசஸருக்குப் பாரமானது.

மிஞ்சிய வித்தியாசத்தைச் சுருக்க உதவுவது கொசைன் உருமாற்றம், அதாவது அதை அலைகளின் கூட்டாக மாற்றி எழுதும் கணக்கு. பொறியாளர் நசீர் அகமது 1972-இல் இதை ஆராய அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் கருத்தாம். நடராஜன், ராவ் இருவருடன் சேர்ந்து 1974-இல் அதை வெளியிட்டார். எளிய யோசனைக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கும் துணிவு நிதிக் குழுக்களுக்கு வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சரி, தீர்வுக்கு வருவோம். ரேமைக் கூட்டு, ரெஜிஸ்ட்ரியைத் துடை என்பவர்களை உடனே நம்பிவிடாதீர்கள். ரெக்கார்ட் செய்யும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் பலகையைத் திறந்து எண்களைப் பாருங்கள். ‘என்கோடிங் லேக்’ ஏறினால், பிராசஸரில் ஓடும் எக்ஸ்264 என்கோடரை விட்டுவிட்டு என்விடியாவின் என்வென்க் அல்லது இன்டெலின் குவிக் சிங்க்குக்கு மாறுங்கள். இந்தத் தேடலுக்கென்றே சிப்பில் தனியாகச் செதுக்கிய சுற்று அது. மழையோ வெயிலோ பெரிதாகத் தடுமாறாது. அந்த வசதி இல்லாத கணினியில் எக்ஸ்264-இன் வேக அமைப்பை ‘வெரிஃபாஸ்ட்’டிலிருந்து ‘சூப்பர்ஃபாஸ்ட்’ ஆக்கலாம். தேடல் குறையும், அதே தரத்துக்குக் கோப்பு பெருக்கும்.

‘ரெண்டரிங் லேக்’ ஏறினால் கதை வேறு. ஓபிஎஸ்ஸும் தன் காட்சியைக் கோர்க்க அதே கிராபிக்ஸ் கார்டைத்தான் நம்பியிருக்கிறது. நொடிக்கு 140 ஃபிரேம் என்று கேம் அதை முழுக்கப் பிடித்துக்கொண்டால் ஓபிஎஸ்ஸுக்கு முறை வராது. கேமின் அமைப்பில் 60-க்கு வரம்பு வையுங்கள், அதுவும் போதாவிட்டால் நிழல்களின் தரத்தை ஒரு படி இறக்குங்கள். அப்புறம் அதே மழைத் தடத்தில் இரண்டு நிமிடம் ரெக்கார்ட் செய்து, எந்த எண் ஏறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.