பட்ஜெட் டிவியா, நடுத்தர விலை டிவியா? கூடுதல் பணம் எங்கே போகிறது

தொலைக்காட்சிப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவர்களிடம் தீபாவளி, பொங்கல் சமயங்களில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. 43 அங்குல டிவி ஒன்று ஏறத்தாழ 20,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே 43 அங்குலம், அதே 4கே, அதே எச்.டி.ஆர். என்று அட்டையில் அச்சிட்ட இன்னொன்று 35,000 ரூபாய் சொல்கிறார்கள். எதற்காக அந்த 15,000 ரூபாயைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? பிராண்டின் பெயருக்குத்தானே அந்தப் பணம் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஓரளவுக்கு அது உண்மைதான். ஆனால், நாள்தோறும் டிவியின் பின்மூடியைக் கழற்றுகிறவர்களுக்கு, வித்தியாசத்தின் பெரும்பகுதி அட்டையில் அச்சிடப்படாத பாகங்களில் இருக்கிறது என்பது தெரியும்.

அவற்றுள் முதலாவது, பேக்லைட். எல்.இ.டி. டிவி என்று நாம் அழைப்பது உண்மையில் எல்.சி.டி. திரைதான், அந்தத் திரைக்குத் தானாக ஒளிரும் தன்மை கிடையாது. அதன் பின்னால் வரிசையாக ஒட்டப்பட்ட பட்டைகளில் இருக்கும் சிறு எல்.இ.டி. விளக்குகளே அதற்கு ஒளி தருகின்றன. கியூ.எல்.இ.டி. என்று விற்கப்படும் டிவிகளும் இதே வகையைச் சேர்ந்தவைதான். நிறங்களைத் தெளிவாக்கும் ஒரு படலம் மட்டும் கூடுதலாக இருக்கும். விலையைக் குறைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் நினைக்கும்போது, எளிதாகக் கைவைக்கக்கூடிய இடம் இந்தப் பட்டைகள்தாம். விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, இருக்கிற விளக்குகளுக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுத்து ஒளியை ஈடுகட்டுகிறார்கள். கூடுதல் மின்னோட்டம் என்றால் கூடுதல் வெப்பம். வெப்பம் கூடினால் விளக்கின் ஆயுள் குறைகிறது.

ஒலி கேட்கிறது, படம் இல்லை என்று பழுதுக்கு வரும் டிவியை இருட்டான இடத்தில் வைத்து, திரைக்கு மிக அருகில் கைபேசியின் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாக அசைவது தெரியும். திரை வேலை செய்கிறது, ஒளிதான் இல்லை என்பது அதிலிருந்து உறுதியாகிவிடும். விளக்குகள் தொடர் இணைப்பில் இருப்பதால், ஒன்று அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். பல டிவிகளில் அதைக் கண்டுணரும் பாதுகாப்புச் சுற்று மொத்த ஒளியையும் நிறுத்திவிடும். இன்னொரு குறை, திரையில் ஆங்காங்கே வட்டமான வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று தெரிவது. ஒளியைப் பரப்புவதற்காக ஒவ்வொரு விளக்கின் மீதும் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸ், வெப்பத்தில் பசை விட்டு உதிர்ந்து, டிவியின் அடிப்பகுதியில் கிடக்கும். இவை சரிசெய்யக்கூடியவைதான். ஆனால் அதற்குக் கண்ணாடித் தாள்போல் மெல்லியதான பேனலை முழுவதுமாக எடுத்து வெளியே வைக்க வேண்டும். அந்த வேலையில் பேனல் எனப்படும் அந்தத் திரைப் பகுதி விரிசல் விட்டால், புதிய பேனலின் விலை புதிய டிவியின் விலையை நெருங்கிவிடும் என்பதால், அந்த டிவியின் கதை அதோடு முடிந்தது.

நடுத்தர விலை டிவியில் பேக்லைட் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. மெலிதான தோற்றத்துக்காக விளிம்பில் மட்டும் விளக்குகளை அடுக்கிய, விலை கூடிய டிவிகளும் இதே குறையோடு பழுதுக்கு வருகின்றன. எனினும் பொதுவாக, விலை ஏறும்போது விளக்குகளின் எண்ணிக்கையும் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பும் மேம்படுகின்றன. எந்த விலையில் வாங்கினாலும் ஒன்றைச் செய்யலாம்: நிறத்தையும் ஒளியையும் தூக்கிக் காட்டக் கடையில் வைத்திருந்த ‘விவிட்’ அமைப்பை மாற்றி, பேக்லைட் அளவை நூறிலிருந்து அறுபது, எழுபதுக்குக் குறைத்துவிட வேண்டும். இரவில் கண்ணுக்கும் அதுவே இதம், விளக்குகளின் ஆயுளுக்கும் அதுவே நல்லது.

பேக்லைட்டோடு சேர்ந்ததுதான், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் பட முறையான எச்.டி.ஆர். விவகாரமும். எச்.டி.ஆர். படங்களைப் பொதுவாக 1,000 நிட்ஸ் (திரையின் ஒளியை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேற்பட்ட ஒளி உச்சத்தை மனத்தில் வைத்துத் தயாரிக்கிறார்கள். பட்ஜெட் டிவிகளில் பல 200 முதல் 300 நிட்ஸ் வரைதான் ஒளிரும். அட்டையில் ‘எச்.டி.ஆர். 10’ என்று போட்டிருந்தால், அந்த டிவி அத்தகைய சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பது மட்டுமே அதன் பொருள். அதை உள்ளபடி காட்டும் என்ற உறுதி அதில் இல்லை. ஓ.டி.டி.யில் புதுப் படம் போட்டால் காட்சிகள் இருட்டாகத் தெரிகின்றன, கேபிளில் பார்த்தால் நன்றாக இருக்கிறது, டிவியில் ஏதோ கோளாறு என்று அழைப்பவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. டிவியால் முடிந்தது அவ்வளவுதான். 400 நிட்ஸுக்கு மேல் ஒளிரும் டிவிகளும், காட்சிக்கு ஏற்பப் பகுதி பகுதியாகப் பேக்லைட்டைக் கூட்டிக் குறைக்கும் டிவிகளும் நடுத்தர விலையில்தான் தொடங்குகின்றன. அங்கும் எல்லா மாடல்களிலும் அந்த வசதி இருப்பதில்லை. கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பகலில் ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் கூடத்தில் டிவி வைக்கிறவர்களுக்கு இந்த ஒளி அளவு, 4கே என்பதைவிட முக்கியமானது.

4கே பற்றிச் சொல்ல வேண்டியது வேறு விதமானது. சாதாரணப் பார்வைத்திறன் கொண்ட கண்ணுக்கு, 4கே-க்கு ஒரு படி கீழான ஃபுல் எச்.டி. தரத்தில் உள்ள 43 அங்குலத் திரையின் புள்ளிகள் ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்தனியாகத் தெரிவதில்லை. 55 அங்குலத்தில் அந்தத் தூரம் ஏழடி. அதாவது, 43 அங்குல டிவியை எட்டடி தள்ளி அமர்ந்து பார்க்கிறவருக்கு, 4கே திரையால் கிடைக்கும் கூடுதல் நுணுக்கம் கண்ணில் படாது. அதோடு, திரைக்கு எது வந்து சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் இன்னும் இருப்பது எஸ்.டி. எனப்படும் சாதாரணத் தரத்து செட்டாப் பாக்ஸ்தான். அது அனுப்பும் படத்தில் 720-க்கு 576 புள்ளிகள் மட்டுமே உண்டு. 4கே திரையிலோ 3,840-க்கு 2,160 புள்ளிகள். மிச்சத்தை டிவியின் சிப் ஊகித்து நிரப்புகிறது. அதனால்தான் பழைய டிவியில் தெளிவாகத் தெரிந்த சன் டிவி தொடர், புது 55 அங்குலத்தில் கலங்கலாகத் தெரிகிறது. நடுத்தர விலை டிவிகளின் சிப் இந்த நிரப்பும் வேலையைச் சற்று நன்றாகச் செய்கிறது என்றாலும், இல்லாததை அதுவும் கொண்டுவராது.

ஆகவே, வீட்டில் கேபிள் மட்டும்தான், ஓ.டி.டி. பார்க்கும் வழக்கம் இல்லை, நாளொன்றுக்கு மூன்று நான்கு மணி நேரம்தான் டிவி ஓடும் என்றால், சேவை மையம் அருகில் உள்ள நிறுவனத்தின் 32 அல்லது 43 அங்குல பட்ஜெட் டிவியே போதும் என்று தயங்காமல் சொல்வேன். மிச்சப் பணத்தில் கேபிள்காரரிடம் எச்.டி. பாக்ஸாக மாற்றிக்கொண்டால், அதுவே பெரிய முன்னேற்றமாகத் தெரியும். வயதானவர்கள் இருக்கும் வீடாக இருந்தால், வசனம் தெளிவாகக் கேட்க ஒரு சிறிய சவுண்ட்பார் வாங்கலாம். பட்ஜெட் டிவிகளின் கீழ்நோக்கிய ஒலிபெருக்கிகளில் பேச்சு மங்கலாகவே கேட்கும்.

ஓ.டி.டி. முதன்மை என்றால் கணக்கு மாறுகிறது. ஒரு ஜி.பி. ரேமும் எட்டு ஜி.பி. சேமிப்பிடமும் கொண்ட டிவி, வாங்கிய புதிதில் ஓடினாலும், செயலிகள் புதுப்பிக்கப்படப் புதுப்பிக்கப்படத் திணறத் தொடங்கும். ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டிவரும். குறைந்தது இரண்டு ஜி.பி. ரேம் வேண்டும். அதைவிட முக்கியமானது, டிவி முறையான உரிமம் பெற்ற மென்பொருளில் ஓடுகிறதா என்பது. பெயர் தெரியாத மலிவு டிவிகள் சிலவற்றில், கைபேசிக்கான ஆண்ட்ராய்டையே ஏற்றி ‘ஸ்மார்ட்’ என்று விற்கிறார்கள். அவற்றில் உள்ளடக்கப் பாதுகாப்புக்கான வைட்வைன் சான்று எல்3 என்ற கீழ்நிலையில் மட்டும் இருந்தால், மாதச் சந்தா முழுமையாகக் கட்டினாலும் நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் எஸ்.டி. தரத்துக்கு மேல் படம் அனுப்பாது. திரை 4கே, வருவது 480 வரி. இப்படி விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவது என்றே நான் கருதுகிறேன்.

பேனல் வகையையும் கேளுங்கள். வி.ஏ. பேனலில் கறுப்பு நிறம் ஆழமாகத் தெரியும், ஆனால் பக்கவாட்டில் அமர்ந்தால் நிறம் வெளிறும், ஐ.பி.எஸ். பேனலில் பக்கவாட்டிலிருந்தும் நிறம் பெரிதாக மாறாது, ஆனால் இருட்டில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். கட்டில், சோபா, தரை, சமையலறை வாசல் என்று ஆளுக்கொரு திசையிலிருந்து பார்க்கும் வீட்டுக்கு ஐ.பி.எஸ். பொருத்தம். விற்பனையாளருக்குத் தெரியவில்லை என்றால், நிறுத்தி வைத்த ஒரு காட்சியைப் பக்கவாட்டில் நடந்துபோய்ப் பார்த்தாலே விளங்கிவிடும்.

எங்கள் கடலோரப் பகுதியில் உப்புக்காற்றும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் டிவிகளுக்குப் பெரிய எதிரிகள். பட்ஜெட் டிவிகள் பலவற்றில் மின்வழங்கி, பேக்லைட் இயக்கி, மெயின் போர்டு மூன்றும் ஒரே போர்டில் இருக்கும். நியூட்ரல் கம்பி அறுந்து 400 வோல்ட் அளவுக்கு உள்ளே வந்தாலோ, இடி மின்னலில் கேபிள் வழியாக அதிக மின்னழுத்தம் வந்தாலோ, மூன்றும் ஒன்றாகப் போய்விடும். தனித்தனிப் போர்டுகள் கொண்ட டிவியில், போனதை மட்டும் மாற்றலாம். இரண்டு வருடம் கழித்து அந்த மாடலுக்குப் போர்டு கிடைக்குமா என்பதும் கேள்வி. இணையத்தில் மட்டும் விற்கும் சில பிராண்டுகளின் உதிரிபாகத்துக்காக வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் டிவியையே காயலான் கடைக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். வாங்கும் முன் உங்கள் ஊர் பின்கோடைச் சொல்லி, அருகிலுள்ள சேவை மையம் எது என்று அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டுவிடுங்கள்.

என் பார்வையில், மக்கள் அதிகம் நஷ்டப்படுவது பட்ஜெட் டிவி வாங்குவதால் அல்ல, பட்ஜெட் விலையில் பெரிய டிவி வாங்குவதால்தான். 35,000 ரூபாய் கையில் இருக்கும்போது, அதே விலையில் 55 அங்குலம் கிடைக்கிறதே என்று போகிறார்கள். திரை பெரிதாகப் பெரிதாக அதற்கு வேண்டிய ஒளியும் கூடுகிறது. அந்த விலையில் தயாரிப்பாளர் கைவைப்பது மறுபடியும் பேக்லைட்டில்தான். அந்தப் பணத்துக்கு நல்ல 43 அங்குலம் வாங்குவதே சரி. 2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. வரிக் குறைப்பு முழுமையாக நம்மை வந்தடைந்தால், பழைய வரியோடு 40,000 ரூபாயாக இருந்த டிவி 36,900 ரூபாய்க்கு அருகில் வரவேண்டும். பில்லில் வரி விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் ஒரு தமிழ்ப் படத்தின் இரவுக் காட்சியைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் ஓடவிடும் பூக்களும் அருவிகளும் எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். டிவியின் பின்புறம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஐ.எஸ். 616 போன்ற தர எண்ணும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால், யார் தயாரித்தது என்று தெரிந்துவிடும். உத்தரவாதம் பேனலுக்கு எத்தனை வருடம், மற்ற பாகங்களுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பேக்லைட் எதில் சேரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், ஏனெனில் அது பேனலில் சேராது என்று பிறகு மறுப்பவர்கள் உண்டு. நிறுவனத்தின் ஆள் வந்து பொருத்தும் நாளிலேயே, முழு வெள்ளைத் திரையும் முழுக் கறுப்புத் திரையும் ஓடவிட்டு, கோடு, புள்ளி, விரிசல் இருக்கிறதா என்று அவர் முன்னிலையில் பாருங்கள். பில்லில் டிவியின் வரிசை எண் இருக்க வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குள் நிறுவனம் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம். அப்போது அந்தப் பில்லும், நீங்கள் எழுத்தில் வாங்கிய உத்தரவாத விவரமும் கையில் இருக்க வேண்டும்.