பொய்ப்பல்லுக்குள் உலோகம் வைக்கலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகியின் கேள்வி: "அம்மாவின் மேல்பல் செட் இரண்டாவது தடவையாக நடுவில் பிளந்துவிட்டது. உள்ளே உலோகம் வைத்துச் செய்யலாம் என்கிறார் டாக்டர். வாயில் இரும்பு கிடந்தால் உடம்புக்குச் சூடு, புண் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வைக்கலாமா?"

வைக்கலாம். ஆனால் எந்த உலோகம், எப்படி ஒட்டப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

செட்டின் இளஞ்சிவப்பு அடித்தளம் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரப்படி அதன் வளைவு வலிமை குறைந்தது 65 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும். ஒரு கடிக்கு அது தாராளம். தினமும் ஆயிரக்கணக்கில் கடிக்கும்போதுதான் சிக்கல். பல் போன எலும்பு வருடக்கணக்கில் தேய்கிறது. மேல் அண்ணத்தின் நடு எலும்பு அவ்வளவாகத் தேய்வதில்லை. அதனால் செட் அந்த நடுமேட்டில் உட்கார்ந்து இருபுறமும் வளைகிறது. அதன் நாக்குப் பக்கப் பரப்பு இழுபடுகிறது. மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மடிப்புக்காக வெட்டிய பள்ளத்திலோ முன்பற்களுக்குப் பின்னாலோ விரிசல் தொடங்கி, ஒருநாள் இரண்டாகிறது.

செட்டுக்குள் வைக்கும் கோபால்ட் குரோம் என்ற உலோகக் கலவை அக்ரிலிக்கைவிட எழுபது மடங்குக்கும் மேல் விறைப்பானது. அதனால்தான் வார்ப்புத் தகடு அரை மில்லிமீட்டர் கனத்திலேயே போதுமானதாக இருக்கிறது. கம்பியோ வலையோ வைத்தால் இடம் முக்கியம். விரிசல் முன்னிருந்து பின்னாக ஓடும். கம்பி இடமிருந்து வலமாக, முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், நாக்குப் பக்கத்தை ஒட்டி இருக்க வேண்டும். அண்ணத்தை ஒட்டி வைத்த கம்பியால் பெரிய பயனில்லை.

அடுத்தது ஒட்டு. சாதாரண அக்ரிலிக் உலோகத்தோடு வேதியியல் முறையில் ஒட்டாது. சூட்டில் அது கோபால்ட் குரோமைவிட ஐந்து மடங்குக்கு மேல் விரியும். சூடான தே தாரிக், பின்னாலேயே ஐஸ் கச்சாங் என்று போனால் இரண்டுக்கும் நடுவே நூலிழை இடைவெளி விழும். எச்சில் புகும், கேண்டிடா பூஞ்சை குடியேறும், கருப்புக் கோடு தெரியும். ஒட்டாத கம்பி வலு சேர்ப்பதில்லை. விரிசலுக்கு வழிதான் காட்டுகிறது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. கோபால்ட் குரோம் கலவையில் கால் பங்குக்கு மேல் குரோமியம். காற்றுப் பட்டதுமே அது சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலமாகிறது. கீறினாலும் ஆக்சிஜன் இருந்தால் உடனே மீண்டும் மூடிக்கொள்கிறது. ஒட்டுவதற்கு முன் உலோகத்தில் பூசும் பிரைமரில் 10-எம்டிபி என்ற மூலக்கூறு உண்டு. அதன் ஒரு முனை பாஸ்பேட். அது இந்த ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையின் இரட்டைப் பிணைப்பு அக்ரிலிக் இறுகும்போது அதன் சங்கிலியிலேயே சேர்ந்துவிடும். நடுவே பத்து கார்பன் நீளம். ஆக்சைடு படலம் இல்லாத தங்கத்தில் இந்த வித்தை பலிக்காது. அதற்குக் கந்தகம் உள்ள வேறு பிரைமர் வேண்டும்.

செட் செய்யும் லேபில் உலோகத்தை மெழுகும் எண்ணெயும் போகக் கழுவி, 50 மைக்ரான் அலுமினாத் தூளை ஏறக்குறைய 2 பார் அழுத்தத்தில் அடித்து, மேற்பரப்பு சீராக மங்கியதும் பிரைமரை மெல்லிசாகப் பூசுவார்கள். இடையில் விரல் பட்டால் ஒட்டு கெடும். பிறகு அக்ரிலிக் பொடி மூன்று பங்கு, மோனோமர் என்ற திரவம் ஒரு பங்கு; 74 டிகிரியில் 2 மணி நேரம், அதன்பின் 100 டிகிரியில் 1 மணி நேரம். அவசரப்பட்டு நேராகக் கொதிநீரில் போட்டால் மோனோமர் கொதித்து, தடிமனான இடமெல்லாம் குமிழி விழும். சூடில்லாமல் தானாகவே இறுகும் அக்ரிலிக்கில் மிச்ச மோனோமர் அதிகம், தரமே 4.5 சதவீதம் வரை விடுகிறது, சூட்டில் இறுகியதற்கு 2.2 தான். ஈறு எரிகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையும் சரியாகப் பொருந்தாத செட்டையும்தான்.

புண் பயத்துக்கும் அதே படலம்தான் பதில். உலோக அயனிகள் எச்சிலில் கரைவதைப் பெருமளவு தடுப்பது அதுவே. 'சூடு' என்பதில் ஒரே ஓர் உண்மை உண்டு: உலோகம் வெப்பத்தைக் கடத்துவதால் தேநீரின் சூடு அண்ணத்தில் நன்றாக உறைக்கும். பலர் அதை விரும்பவே செய்கிறார்கள். மற்றபடி இந்த நம்பிக்கை வயதானவர்களை உடைந்த செட்டோடு கஞ்சி குடிக்க வைக்கிறது. அது எனக்கு வருத்தம். ஆய்வு மானியமும் சோதனைக்கான அக்ரிலிக் பட்டைகளை வளைத்து உடைப்பதற்கே போகாமல், செட் போட்டவர்களை ஐந்தாறு வருடம் தொடர்ந்து கவனிப்பதற்கும் போக வேண்டும்.

கவரிங் தோடு போட்டால் அம்மாவுக்குக் காது அரிக்குமா? அரித்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம்; நிக்கல் இல்லாத கலவையோ டைட்டேனியமோ கேளுங்கள். செட்டைத் துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறவைக்காதீர்கள். அந்தப் படலத்தைத் துளைத்து உலோகத்தைக் கருக்கிவிடும். எலும்பு இன்னும் தேயும் என்பதால், ஈறு மேட்டின் மேல் வலையும் அதைச் சுற்றி அக்ரிலிக்கும் வருமாறு செய்யச் சொல்லுங்கள். முழு உலோகமாக இருந்தால் பிறகு உட்புறம் நிரப்பிச் சரிசெய்வது கடினம்.